காற்றை அடைத்தால் நெருப்பு நீடிக்குமா? பனிமலை வீடுகளின் 'புகாரி' விறகடுப்பு: ஒரு விளக்கம்

ஸ்ரீநகர்: காஷ்மீர் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் டிசம்பர் 21-ஆம் தேதி 'சில்லை கலான்' தொடங்குகிறது. 40 நாள்கள் நீளும் இந்தக் கடுங்குளிர்ப் பருவத்தில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவது வழக்கம். 2021 ஜனவரி 14 அன்று ஸ்ரீநகரில் மைனஸ் 8.4 டிகிரி செல்சியஸ் பதிவானது. குடிநீர்க் குழாய்கள் உறைந்து, தால் ஏரியின் மேற்பரப்பில் பனிப்பாளம் படியும் அந்த நாள்களில், பல வீடுகளின் நடுக்கூடத்தில் இரும்புத் தகட்டாலான உருளை வடிவ அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். அதன் பெயர் 'புகாரி'.

சென்னைவாசிகளுக்கு இப்பெயர் பிரியாணியை நினைவூட்டக்கூடும். காஷ்மீரிலும் லடாக்கிலும் அது குளிரிலிருந்து உயிர்காக்கும் பொருள். இமாச்சலப் பிரதேசத்தின் மேல்மலைப் பகுதிகளில் இதே வகை அடுப்பு 'தந்தூர்' எனப்படுகிறது. அதன் மேல் தேநீர் கொதிக்கும், பக்கத்தில் வெந்நீர் காயும். மண்ணெண்ணெயில் எரியும் புகாரியை, எல்லைப்புற மலைகளில் பணியாற்றிய தமிழக ராணுவ வீரர்கள் பலரும் அறிவர். சமையல் எரிவாயு மலைக் கிராமங்களை எட்டிய பின்னரும் அறையைச் சூடாக்க விறகையே நம்பும் குடும்பங்கள் ஏராளம். பனிப்பொழிவு நேரத்தில் மின்சாரம் தடைபடும்போது வேறு வழியும் இருப்பதில்லை.

இந்த வீடுகள் அனைத்திலும் படுக்கப் போகும் நேரத்தில் எழும் கேள்வி ஒன்றுதான். இரவு 10 மணிக்கு இட்ட விறகு, நள்ளிரவு தாண்டுவதற்குள் சாம்பலாகிவிடுகிறது. குளிரோ விடியற்காலையில்தான் உச்சத்தை எட்டுகிறது. நெருப்பை விடியும் வரை நிறுத்தி வைப்பது எப்படி?

பலரும் கையாளும் வழி, அடுப்பின் காற்றுத் துவாரத்தையும் புகைக்குழாயில் உள்ள தட்டையும் முழுவதுமாக மூடிவிடுவது. அதனால் நெருப்பு மெதுவாகிறது என்பது உண்மையே. ஆனால் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகிறது. புகைக்குழாய் தார் பிடித்து அடைபடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உறங்குவோரின் உயிருக்கே அது ஆபத்தாக முடியலாம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூடிய அறைக்குள் நச்சு வாயுவால் மூச்சுத்திணறி இறந்தவர்கள் பற்றிய செய்திகள் வடமாநிலங்களிலிருந்து வருவது இதனோடு தொடர்புடையது.

எரிவது விறகா, வாயுவா?

காரணத்தைப் புரிந்துகொள்ள, விறகு எரியும் விதத்தை அறிய வேண்டும். அடுப்பிலிட்ட விறகிலிருந்து முதலில் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அது முடியும் வரை விறகின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக உயர்வதில்லை. அதன் பிறகு மரம் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடத் தொடங்குகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வாறு வாயுவாக மாறுகிறது. நாம் காணும் தீச்சுடர் இந்த வாயுக்கள் எரிவதே. எஞ்சும் கால் பங்குதான் கரி. அது சுடரின்றித் தணலாகக் கனன்று, நெடுநேரம் வெப்பம் தருகிறது.

வாயுக்கள் முழுமையாக எரிவதற்கு இரண்டு தேவை: சுமார் 600 டிகிரி அளவிலான வெப்பம், போதிய காற்று. வாயு பொங்கி வரும் கட்டத்தில் காற்றை அடைத்தால் சுடர் அணைகிறது. வாயுக்கள் எரியாமலேயே புகையாகக் குழாய் வழியே வெளியேறுகின்றன. கூரைக்கு மேலே கருஞ்சாம்பல் நிறத்தில் அடர்ந்து எழும் புகை, விலை கொடுத்து வாங்கிய விறகு பயனின்றிப் போவதன் அடையாளம். நன்கு எரியும் அடுப்பின் புகைபோக்கியில் மெல்லிய வெண்ணிற ஆவிக்கு மேல் எதுவும் தெரியாது.

ஆகவே நெருப்பு நீடிப்பதற்கான விடை காற்றுத் துவாரத்தில் மட்டும் இல்லை. விறகு எப்படிப்பட்டது, அது எப்படி அடுக்கப்பட்டது, அடுப்பு எவ்வளவு இறுக்கமாக உள்ளது என்பவையே நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

விறகு எடையில் வாங்கும் தண்ணீர்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பல வகைகளில் ஏறக்குறைய பாதி நீர். மலைப்பகுதிகளில் விறகு பெரும்பாலும் குவிண்டால் கணக்கில் விற்கப்படுகிறது. ஈர விறகில் 10 கிலோ வாங்குபவர் 5 கிலோ மரத்தையும் 5 கிலோ தண்ணீரையும் வீட்டுக்குச் சுமந்து செல்கிறார். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கும் வரை காய்ந்த அதே 10 கிலோ விறகில் 8 கிலோ மரம் உள்ளது. அடுப்பில் கிடைக்கும் வெப்பத்தைக் கணக்கிட்டால், காய்ந்த விறகு தருவதில் ஏறத்தாழ பாதியை மட்டுமே ஈர விறகு தருகிறது.

நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் இழப்பின் ஒரு பகுதியே. ஈரம் அடுப்பின் உள்வெப்பத்தைத் தாழ்த்திவிடுவதால் வாயுக்கள் எரியாமல் தப்பிச் செல்கின்றன. அது இன்னும் பெரிய இழப்பு. 'ஈர விறகு மெதுவாக எரியும், எனவே இரவுக்கு உகந்தது' என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. ஈர விறகு மெதுவாக எரிகிறது என்பதைவிட, எரிய முடியாமல் புகைகிறது என்பதே சரி.

காஷ்மீர் குடும்பங்கள் கோடையில் கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி ஆகியவற்றை வெயிலில் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமிக்கின்றன. நம் ஊர் வற்றலைப் போன்றது இது. விறகுக்கும் அதே நாள்காட்டிதான். வெட்டிய மரம் உருளையாகவே கிடந்தால், பட்டை நீரை உள்ளே தடுத்து வைக்கும். கோடைக்கு முன்பே அதைப் பிளந்து, தரையில் படாமல் கட்டைகளின் மேல் அடுக்கி, பக்கங்களில் காற்றும் வெயிலும் புகுமாறு விட்டு, மேற்பகுதியை மட்டும் மூட வேண்டும். தார்ப்பாயால் முழுவதும் போர்த்திவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மெல்லிய, மென்மையான மரம் ஒரு கோடையில் காய்ந்துவிடும்; ஓக் போன்ற அடர்மரத்துக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

காய்ந்த விறகின் வெட்டுமுனையில் நடுவிலிருந்து வெளிநோக்கி வெடிப்புகள் தெரியும். இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும். ஈர விறகு மந்தமாகவே ஒலிக்கும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவிகளும் விற்பனைக்கு உள்ளன. அதை விறகின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. துண்டைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பரப்பில் குத்திப் பார்க்க வேண்டும்.

எந்த மரம் நல்லது என்ற கேள்விக்கு மலைமக்களிடம் தலைமுறைகளாகப் பதில் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் உலர்ந்த மரங்களுக்கிடையே வெப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது அடர்த்தி. ஓக், ஆப்பிள், மல்பெரி போன்ற கனத்த மரங்கள் அடுப்பின் அதே இடத்துக்குள் அதிக எடையைத் தருகின்றன. அவற்றின் தணலும் நீடிக்கிறது. பாப்லர், வில்லோ போன்ற இலகுவான மரங்கள் விரைவில் தீர்ந்துவிடும். பைன் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் மாலையில் அடுப்பை மூட்டுவதற்கு ஏற்றது. தோட்டங்களில் கவாத்து செய்த ஆப்பிள் கிளைகளைக் காஷ்மீரிலும் இமாச்சலிலும் சேமித்து வைப்பது வெறும் சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. இரவு அடுப்புக்கு அது நல்ல விறகு.

பெயின்ட் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக் ஆகியவற்றை அடுப்பில் இடவே கூடாது. அவற்றின் புகை நச்சுத்தன்மை கொண்டது.

இரவுக்கான அடுக்கு

ஒரே எடையுள்ள விறகு, சிறு சிறு துண்டுகளாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் தீரும். பெரிய துண்டுகளாக இருந்தால் பல மணி நேரம் நிற்கும். நெருப்பு படும் பரப்பு குறைவதே காரணம். எனவே இரவுக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள, நன்கு உலர்ந்த கனத்த கட்டைகளை மாலையிலேயே தனியாக எடுத்து வைப்பது உத்தமம்.

படுக்கப் போவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே இந்த வேலை தொடங்க வேண்டும். அடுப்பில் தடிமனான தணல் படுகை இருக்கும்போதுதான் பெரிய கட்டைகள் பற்றும். தணலைக் காற்று நுழையும் பக்கமாகக் கூட்டி, அதற்குப் பின்னால் கட்டைகளை இடைவெளி குறைவாக நெருக்கி அடுக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் எல்லாப் பக்கங்களிலும் சுடர் சூழ்ந்துகொள்ளும். நெருக்கமான அடுக்கு ஒரு முனையிலிருந்து மெல்ல எரிந்து செல்லும். பிறகு 15 முதல் 20 நிமிடங்கள் காற்றை முழுமையாகத் திறந்துவிட வேண்டும். கட்டைகளின் வெளிப்புறம் கருகி, சுடர் நிலைபெற்ற பின்னரே காற்றைப் படிப்படியாகக் குறைக்கலாம். குறைத்த பிறகும் சுடர் சோம்பலாகவேனும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். சுடர் அணைந்து புகை சூழ்ந்தால், அளவுக்கு மேல் மூடியாகிவிட்டது என்று பொருள்.

காஷ்மீரில் புழங்கும் மரத்தூள் புகாரி இந்தத் தத்துவத்தை மிகத் திறமையாகப் பயன்படுத்துகிறது. உருளையின் நடுவே ஒரு கம்பை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கித் திணிக்கின்றனர். கம்பை உருவியதும் நடுவில் ஒரு துளை கிடைக்கிறது. நெருப்பு அந்தத் துளையின் சுவரில் மட்டும் பற்றி, உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்கிறது. மர அறுவை ஆலையில் வீணாகும் தூள், இவ்வாறு பல மணி நேரம் எரியும் எரிபொருளாகிறது. திணிப்பு தளர்வாக இருந்தாலோ, எரியும்போது கிளறினாலோ தூள் சரிந்து துளை அடைபட்டுப் புகையத் தொடங்கும். சில வேளைகளில் தேங்கிய வாயு சட்டெனப் பற்றி மூடியைத் தூக்கி எறிவதும் உண்டு.

நெருப்பை நீட்டிப்பதைவிட வெப்பத்தைச் சேமிப்பது எளிது என்பதையும் அப்பகுதி மக்கள் அறிந்திருந்தனர். காஷ்மீரின் வசதியான வீடுகளில் உள்ள 'ஹமாம்' அறையில், கற்பலகைத் தரைக்கு அடியில் விறகு எரிக்கப்படும். நெருப்பு தணிந்த பின்னரும் கல் நெடுநேரம் சூட்டை விடாது. மெல்லிய தகட்டுப் புகாரியால் இது முடியாது; நெருப்பு தணிந்ததும் தகடும் விரைவில் ஆறிவிடும். அடுப்பின் உட்சுவரில் செங்கல் பதிப்பதோ களிமண் பூசுவதோ இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். அடிப்பகுதி தகடு அரிக்கப்படுவதையும் அது தாமதப்படுத்தும்.

கசிவும் குழாயும்

காற்றுத் துவாரத்தை எவ்வளவு கவனமாக அமைத்தாலும், கதவின் இடுக்கிலும் தகட்டின் ஓட்டையிலும் காற்று புகுந்தால் நெருப்பு கட்டுக்குள் நிற்காது. இதைக் கண்டறிய ஓர் ஊதுபத்தி போதும். அடுப்பு எரியும்போது கதவு, மூடி, குழாய் இணைப்புகள் ஆகியவற்றின் அருகே ஊதுபத்தியைக் கொண்டு சென்றால், கசிவுள்ள இடத்தில் அதன் புகை உள்ளே இழுக்கப்படும். தகட்டு அடுப்பின் இடுக்குகளைக் களிமண்ணாலோ வெப்பம் தாங்கும் சிமென்ட்டாலோ அடைக்கலாம். வார்ப்பிரும்பில் செய்த புதிய வகை அடுப்புகளில் கதவைச் சுற்றி கயிறு போன்ற அடைப்பு இருக்கும். அடுப்பு ஆறியிருக்கும்போது கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதாக வந்துவிட்டால் கயிறு தேய்ந்துவிட்டது. மாற்றும் காலம் வந்துவிட்டது.

குழாய்தான் அடுப்பின் உயிர்நிலை. சூடான புகை மேலே செல்லும் வேகமே கீழிருந்து புதிய காற்றை இழுக்கிறது. படுக்கையாகச் செல்லும் குழாய் நீளமாக இருந்தாலும், வளைவுகள் பலவாக இருந்தாலும் இழுவை குறையும். ஜன்னல் வழியே குழாயை வெளியே நீட்டிவிட்டு அத்துடன் நிறுத்திவிடுவதும் நல்லதல்ல. வெளியேயும் அது நிமிர்ந்து கூரைக்கு மேல் உயர வேண்டும். குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது மேல் துண்டின் முனை கீழ்த் துண்டுக்குள் நுழைய வேண்டும். தலைகீழாக இணைத்தால் உள்ளே வழியும் கருந்தார் இணைப்புகளில் கசிந்து சுவரையும் கம்பளத்தையும் பாழாக்கும்.

அந்தத் தார்தான் 'கிரியோசோட்'. எரியாத புகை, குழாயின் குளிர்ந்த சுவரில் படிந்து உண்டாவது. ஈர விறகும் அடைத்த காற்றும் சேரும் அடுப்பில் இது விரைவாகச் சேர்கிறது. ஒருநாள் அடுப்பு அதிக வெப்பத்தில் எரியும்போது இந்தப் படிவு தானே பற்றிக்கொள்ளும். அப்போது குழாய்க்குள் பெரும் இரைச்சல் எழும், குழாய் சிவக்கும். காஷ்மீரிலும் இமாச்சலிலும் பல வீடுகள் மரச்சட்டங்களால் ஆனவை. கூரைக்கு அடியில் வைக்கோலும் விறகும் சேமிப்பது வழக்கம். குழாய் நெருப்பு அங்கே தாவினால் பக்கத்து வீடுகளும் தப்புவது கடினம். இரைச்சல் கேட்டவுடன் காற்றுத் துவாரத்தை மூடி, வீட்டிலுள்ளோரை வெளியேற்றி, 101 அல்லது 112 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். குழாயில் நீர் ஊற்றக் கூடாது. திடீரென எழும் நீராவி குழாயைப் பிளந்துவிடும்.

பருவம் முழுவதும் தினமும் எரியும் அடுப்பில் மாதம் ஒருமுறையேனும் குழாயைக் கழற்றித் தூரிகையால் துடைப்பது அவசியம். 3 மில்லிமீட்டர் அளவுக்குப் படிவு கண்டாலே சுத்தம் செய்துவிட வேண்டும். குழாய் மரத்தையோ தகரக் கூரையின் மரச்சட்டத்தையோ தொட்டுச் செல்லும் இடத்தில் போதிய இடைவெளியும் தகட்டுக் காப்பும் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

தணலில் பதுங்கும் ஆபத்து

கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்புடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி என்று தொடங்கும் அறிகுறிகளை விழித்திருப்பவர்கூட சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணக்கூடும். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை.

சுடர் இருக்கும் வரைதான் ஆபத்து என்று பலரும் கருதுகின்றனர். மாறாக, சுடர் அடங்கிய பின் கனலும் தணலே இந்த வாயுவை அதிகமாக வெளிவிடுகிறது. அதிகாலையில் அடுப்பு ஆறும்போது குழாயும் ஆறுகிறது, இழுவை தளர்கிறது. அந்த நேரத்தில் குழாய்த் தட்டு முழுவதும் மூடப்பட்டிருந்தால், வாயு வெளியேற வழியின்றி அறைக்குள் திரும்புகிறது. கதவிடுக்குகளில் துணி திணித்து, ஜன்னலை பாலித்தீன் தாளால் ஒட்டி மூடிய அறையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பனி குவிந்து புகைபோக்கியின் வாய் அடைபட்டாலும் இதே விளைவு நேரும்.

எனவே தணல் இருக்கும் வரை குழாய்த் தட்டை முழுவதுமாக மூடவே கூடாது. காற்றைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் கீழே நுழையும் காற்றைக் குறைக்கலாம்; புகை வெளியேறும் வழியைத் தொடக் கூடாது. ஜன்னலில் விரல் அகல இடைவெளி விட்டால் வெளியேறும் வெப்பம் சிறிதே. ஆனால் அது அடுப்புக்கும் ஆட்களுக்கும் காற்று தருகிறது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை உறங்கும் அறையில் வைப்பதும் நல்லது. புகைக்குழாயே இல்லாத கரி அடுப்பும், காஷ்மீரிகள் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் 'காங்கிரி' தணற்சட்டியும் மூடிய அறையில் இரவு முழுவதும் இருப்பது மேலும் ஆபத்தானது. குல்மார்க், மணாலி போன்ற இடங்களில் தங்கும் தென்னிந்தியச் சுற்றுலாப் பயணிகள் குளிருக்கு அஞ்சி இத்தகைய சட்டியை அறைக்குள் வாங்கி வைத்துவிட்டு உறங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

அறையில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலைவலியோ மயக்கமோ ஏற்பட்டால், முதலில் அனைவரும் வெளிக்காற்றுக்கு வர வேண்டும். அடுப்பை ஆராய்வது பிறகு. பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவமனையில் ஆக்சிஜன் அளிக்கப்பட வேண்டும். 'வெளியே வந்ததும் சரியாகிவிட்டது' என்று விட்டுவிடக் கூடாது.

சாம்பலை என்ன செய்வது?

அடுப்பை ஒவ்வொரு நாளும் துப்புரவாக வழித்துவிடுவது நல்ல பழக்கம்போலத் தோன்றினாலும், விறகடுப்புக்கு அது பொருந்தாது. அடியில் 2 முதல் 3 சென்டிமீட்டர் சாம்பல் இருந்தால், தணல் அதில் புதைந்து காலை வரை உயிரோடிருக்கும். விடியலில் அதைக் கிளறிச் சுள்ளி இட்டால் தீக்குச்சி இல்லாமலே அடுப்பு பற்றும். சாம்பல் அளவுக்கு மீறினால் காற்று நுழையும் வழி அடைபடும். அப்போது மட்டும் அள்ளினால் போதும்.

அள்ளிய சாம்பலுக்குள் கங்குகள் பல நாள்கள்கூட அணையாமல் இருக்கக்கூடும். அட்டைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கொட்டுவது தீவிபத்தை அழைப்பதற்குச் சமம். மூடியுள்ள உலோகக் கலனில் இட்டு, வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். நன்கு ஆறியபின் பனி உறைந்த நடைபாதையில் தூவினால் கால் வழுக்காது. தோட்டத்து மண்ணுக்குச் சிறிதளவு இடலாம். பாத்திரம் துலக்கவும் பயன்படும்.

மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ புகாரியைக் கழற்றி எடுத்து வைக்கும்போது, உள்ளிருக்கும் சாம்பலை முற்றாக அகற்றிவிட வேண்டும். சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தகட்டை அரித்துவிடும். குழாய்களைத் துடைத்து, தகட்டின் மேல் லேசாக எண்ணெய் தடவி, ஓட்டை விழுந்த பகுதியைத் தகர வேலை செய்பவரிடம் காட்டி ஒட்டுப்போட்டு வைத்தால் நவம்பரில் அவசரம் இராது. அடுத்த சில்லை கலானுக்கான விறகைப் பிளந்து வெயிலில் அடுக்கத் தொடங்க வேண்டிய காலமும் அதுவே.